கொழுத்த குதிரைக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் முன்

காயல் துறையில் கப்பல் கப்பலாக இறங்கிய குதிரைகள் என்ன ஆயின என்று வெளிநாட்டார் இருவர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருவர், 1290-களில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்துப் போன வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ. இன்னொருவர், ஏறக்குறைய அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். சுந்தர பாண்டியனும் அவன் சகோதரர்கள் நால்வரும் ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் போலோ சொல்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லையாம். குதிரை வைத்தியர் யாரும் இந்தக் கரைக்கு வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு வியாபாரம்!

வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் நுணுக்கமானது. வந்து இறங்கிய குதிரைகளை முளையடித்து நாற்பது நாள் லாயத்தில் கட்டிப்போடுவார்கள். வறுத்த தானியத்தை வெண்ணெயில் புரட்டித் தீனியாக வைப்பார்கள். குடிக்கக் காய்ச்சிய பசும்பால். எல்லாம் குதிரை கொழுக்க வேண்டும் என்பதற்காக. நாற்பது நாள் முடிந்ததும் எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டுவார்கள். வரும்போது காற்றாய்ப் பறந்த குதிரை, கொஞ்ச நாளில் சோம்பிச் சோர்ந்து ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும்.

இருவரும் அயலார். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் இன்றைய கால்நடை மருத்துவர் ஒருவர் வஸ்ஸாஃபின் அந்தப் பத்தியைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார். மாவுச்சத்தும் கொழுப்பும் ஏறிய உடம்பு, அசையாமல் கட்டிக் கிடந்த நாற்பது நாள், அப்புறம் திடீர் ஓட்டம். குதிரையின் உடம்புக்குள் அழற்சியைக் கிளப்பிவிட இதைவிட நேரான வழி கிடையாது.

அந்தப் பாண்டியர் பெயரைத் தாங்கிய ஊர் ஒன்று தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுந்தரபாண்டியபுரம் என்றதும் பலருக்கு நினைவு வருவது 1992-இல் வந்த ‘ரோஜா’ படமும், ஆடி மாதத்தில் மஞ்சள் விரித்துக் கிடக்கும் சூரியகாந்தித் தோட்டங்களும்தான். கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். குற்றாலத்தில் சீசன் களைகட்டும் அதே மாதங்களில் இங்கேயும் மேற்கிலிருந்து சாரல் வந்து முகத்தில் தெறிக்கும். புல் நனையும், காயும், மறுபடி நனையும். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதில் அந்த ஈரப் புல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

குதிரைகள் குறைந்துவிட்டன. 2012-இல் இந்தியா முழுவதும் 6.25 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019-இல் எடுத்த இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் அது 3.4 லட்சமாக இறங்கிவிட்டது. ஏழே ஆண்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அழிந்திருக்கிறது. ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் வேலை செய்து தின்ற பிராணி அது. இன்று தமிழ்நாட்டில் குதிரை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளைச் சவாரி ஏற்றுபவர்கள், கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் படப்பிடிப்புக்கும் அனுப்புபவர்கள், தோட்டத்தில் ஆசைக்கு ஒன்றைக் கட்டிவைத்திருப்பவர்கள். சீசனில் வேலை, மற்ற மாதங்களில் கட்டுத்தறி. அதனால் இரண்டு விஷயம் நடக்கிறது. குதிரைக்கு வயதாகிறது, எடை கூடுகிறது. பளபளவென்று கொழுத்திருந்தால்தான் பார்க்க அழகு, வாடகையும் நல்லபடி கிடைக்கும் என்று வளர்ப்பவர்கள் நம்புகிறார்கள். சவாரி முடிந்து இறங்குபவர் ஆசையாகக் கொடுக்கும் வெல்லக்கட்டியும் பிஸ்கட்டும் அதன்மேல் சேர்கின்றன.

பூச்சி மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டால், “மூணு மாசத்துக்கு ஒருக்கா குடுத்துருதோம்லா” என்று பதில் உடனே வரும். அக்கறையோடு சொல்கிற பதில்தான். எந்தக் குதிரைக்கு, எதற்காக, எவ்வளவு என்ற கேள்விகள் மட்டும் அதற்குள் இல்லை.

குடலின் சுவருக்குள் என்ன நடக்கிறது

மேயும் குதிரையின் வயிற்றில் புழு இல்லாமல் இருக்காது. யாரும் மருந்து கொடுக்காத கோடியக்கரைக் காட்டுக் குதிரைகளும், நெடுந்தீவில் தலைமுறை தலைமுறையாகத் தாமாகவே திரியும் மட்டக்குதிரைகளும் புழுவோடு சேர்ந்தே வாழ்கின்றன. குதிரையினத்துக்குள் குடியிருக்கும் புழுக்களில் இன்று மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது சயத்தோஸ்டோமின் என்ற சிறு உருளைப்புழுக் கூட்டத்தைப் பற்றி. இதில் மட்டும் ஐம்பது வகை வரை உண்டு. சாணத்தோடு முட்டை வெளியே வருகிறது. சூடும் ஈரமும் கூடியிருந்தால் நாலைந்து நாளில் தொற்றும் பருவத்துக் குஞ்சுப்புழுவாகிவிடுகிறது. ஈரம் படிந்த புல்நுனியில் ஏறிக் காத்திருக்கிறது. குதிரை மேயும்போது உள்ளே போகிறது.

போனதும் இது செய்யும் காரியம்தான் முக்கியம். பெருங்குடலின் சுவருக்குள் துளைத்துப் போய்ச் சிறு பையாக உறை கட்டிக்கொண்டு ஒடுங்கிவிடுகிறது. சில வாரத்தில் வெளியே வருவதும் உண்டு, இரண்டு ஆண்டுக்கு மேல் அப்படியே கிடப்பதும் உண்டு. முட்டை போடுவது குடலுக்குள் இருக்கும் வளர்ந்த புழு மட்டும்தான். ஆகவே சாணத்தைச் சோதித்தாலும் சுவருக்குள் ஒளிந்திருப்பவற்றின் கணக்கு தெரியாது. ஒரு குதிரைக்குள் இவை ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூட இருக்க முடியும்.

ஒரே சமயத்தில் இவை கூட்டமாக உறையை உடைத்துக்கொண்டு வெளிவந்தால் குடல் சுவர் புண்ணாகிவிடும். கடுமையான வயிற்றுப்போக்கு, உடல் வற்றுதல், வயிற்றடியில் நீர் கோத்தல் எல்லாம் வரும். சிகிச்சை கொடுத்தும் பாதிக்குப் பாதி குதிரைகள் பிழைப்பதில்லை. இது அதிகம் தாக்குவது இளம் குதிரைகளை. பிரிட்டனில் 1990-களில் இந்த நோய் கண்ட குதிரைகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நோய் வருவதற்கு முந்தின இரண்டு வாரத்துக்குள் புழு மருந்து கொடுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. குடலுக்குள் வளர்ந்த புழுக்கள் இருக்கும்வரை சுவருக்குள் இருப்பவை அடங்கிக் கிடக்கின்றன. மருந்து பெரியவற்றை வெளியேற்றியதும் இடம் காலி என்று சிறியவை கிளம்பிவிடுகின்றன என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

உறைக்குள்ளேயே போய்க் கொல்லும் மருந்தைக் கொடுத்தால் தொல்லை விட்டதா? அங்கேயும் ஒரு சிக்கல். செத்த புழு குடல் சுவருக்குள் அழுகிக் கரையும்போது, உடம்பு அதை அயல்பொருளாகக் கண்டு தாக்குகிறது. ஜெர்மனியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃபென்பெண்டசோல் கொடுத்த குதிரைகளில் செத்துச் சிதைந்த குஞ்சுப்புழுக்களைச் சுற்றி திசு கடுமையாகச் சேதப்பட்டிருந்தது. மாக்ஸிடெக்டின் கொடுத்தவற்றில் அப்படிப் பெரிய அழற்சி தென்படவில்லை. இரண்டும் புழுவைக் கொல்லத்தான் செய்கின்றன. கொல்லும் விதம் வேறு, குடல் படும் பாடும் வேறு. பூச்சி மருந்து என்ற ஒரே பெயரில் நாம் எல்லாவற்றையும் அழைப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் குதிரை வளர்ப்புக்குப் பேர்போனது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் குளுக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் மார்ட்டின் நீல்சனும் உடன் உழைப்பவர்களும் புழுத்தொற்று உள்ள மட்டக்குதிரைகளுக்கு மருந்து கொடுத்து, அடுத்தடுத்த நாள்களில் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்களை அளந்து பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வின்படி பிரதிபலிப்பு லேசாகத்தான் இருந்தது. ஆரோக்கியமான குதிரைக்குப் பூச்சி மருந்து கொடுக்க அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. அதே மையத்தார் பிறகு கிழக் குதிரைகளையும் நடுவயதுக் குதிரைகளையும் இதே கேள்விக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஏனென்றால் கிழக் குதிரையின் உடம்பு ஏற்கெனவே உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கிறது.

வயதும் கொழுப்பும்

வயதாக ஆக, காயமோ தொற்றோ இல்லாமலேயே உடம்பில் லேசான அழற்சி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. மனிதர்களில் இதை இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் விளக்கிப் பெயரும் வைத்தார். இருபது வயதைத் தாண்டிய குதிரைகளிலும் இதுவே நடப்பதைக் கென்டக்கியில் அமண்டா ஆடம்ஸ், டேவிட் ஹொரோஹோவ் ஆகியோர் ரத்த அணுக்களை வைத்துக் காட்டினார்கள். அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்னும் வேதித் தூதுவர்களை வயதான குதிரையின் அணுக்கள் அதிகமாகச் சுரக்கின்றன.

கொழுப்பு அதற்கு மேல் எண்ணெய் வார்க்கிறது. உடல் கொழுப்பு என்பது சும்மா சேர்த்துவைத்த சரக்கு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அது தானும் சைட்டோகைன்களைச் சுரக்கும் ஓர் உறுப்பு. பருத்த குதிரைகளில் அந்தச் சுரப்பு கூடுவதும், இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்காமல் போவதும் சேர்ந்தே வருவதை 2007-இல் அதே பல்கலைக்கழகத்தார் வெளியிட்டார்கள். அதன் முடிவு பல நேரம் குளம்பில்தான் தெரியும். குளம்பைக் காலெலும்போடு பிணைக்கும் மெல்லிய தகடுகள் அழற்சியில் தளர்ந்து, குதிரை ஊன்ற முடியாமல் பின்காலில் சாய்ந்து நிற்கும். பார்க்கவே பொறுக்காத வேதனை அது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது 2009-இல் ஆடம்ஸ் குழு வெளியிட்ட முடிவு. கிழட்டுப் பருத்த குதிரைகளின் எடையைக் குறைத்தார்கள். ரத்தத்தில் அழற்சியின் அளவும் கூடவே குறைந்தது. மறுபடி எடை ஏறவிட்டார்கள், அழற்சியும் ஏறியது. வயதை நம்மால் குறைக்க முடியாது. வயதின் கணக்கில் நாம் எழுதிவைத்திருந்த பெரும் பகுதி கொழுப்பின் கணக்கு என்றால், அதைக் குறைக்க முடியும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இருபது வயது தாண்டிய, பிடரி தடித்த, அசையாமல் கட்டிக் கிடக்கும் ஒரு குதிரை. குடல் சுவருக்குள் எத்தனை புழு உறங்குகிறது என்று தெரியாது. காலண்டரில் மூன்று மாதம் ஆகிவிட்டது என்பதற்காக மருந்து உள்ளே போகிறது. பெரும்பாலான நேரம் ஒன்றும் ஆகாது. ஆகும்போது, தாங்கும் வலு அந்த உடம்பில் குறைவு. கடுமையான அழற்சி வந்தால் மருத்துவர்கள் ஸ்டீராய்டைக் கையில் எடுப்பதுண்டு. இன்சுலின் கோளாறுள்ள பருத்த குதிரைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குளம்பு அழற்சி வரலாம் என்ற அச்சம் அங்கே குறுக்கே நிற்கும். தீயை அணைக்கிற தண்ணீரே இன்னொரு அறைக்குள் பாய்கிற நிலை இது. இந்த நெருக்கடிக்குள் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் முன்கூட்டியே யோசிக்கச் சொல்கிறேன்.

வயதான குதிரைக்கு மருந்தே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. உண்மை அதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் இருக்கிறது. பதினைந்து வயதுக்கு மேல் ஐந்தில் ஒரு குதிரைக்கு வரக்கூடிய பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு ஒன்று உண்டு. உதிர வேண்டிய முடி உதிராமல் நீளமாகச் சுருண்டு நிற்பது அதன் அடையாளம். அந்தக் கோளாறு உள்ள குதிரைகளின் சாணத்தில் புழு முட்டை அதிகமாக இருக்கிறது. அவற்றை மருந்தில்லாமல் விட்டால் புழுவே அழற்சியை வளர்க்கும்.

சென்னையில் கேட்ட அதே கேள்வி

குதிரையில் எழுந்த இந்தக் கேள்வி மனிதர்களிடமும் எழுந்தது, அதுவும் நம் மாநிலத்தில். சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களிடம் யானைக்கால் புழுத்தொற்று குறைவாகவே காணப்பட்டது. புழு உள்ள நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் அழற்சிச் சுரப்புகளும் குறைவு. பத்து ஆண்டுக்குப் பிறகு சுபாஷ் பாபு குழு ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழுவை எடுத்துக்கொண்டது. புழு இருந்த நீரிழிவு நோயாளிகளிடம் அழற்சி குறைந்திருந்தது. மருந்து கொடுத்துப் புழுவை நீக்கியபின் அது கூடியது.

காரணம் புழுவின் தந்திரம். ஆண்டுக்கணக்கில் இன்னொரு உடம்புக்குள் பிழைத்திருக்க வேண்டுமானால் அந்த உடம்பின் எதிர்ப்பு ஆற்றலை மட்டுப்படுத்தியாக வேண்டும். புழு அதைச் செய்கிறது. புழு போனதும் அந்தத் தடை விலகுகிறது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஆளைக் கொல்லவும் கூடிய புழு என்பதால், இதைக் கேட்டுப் புழுவை வளர்த்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க முடியாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறாமல் விழுங்க வைக்கத்தான் வேண்டும். இந்த ஆய்வுகளிலிருந்து குதிரைக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சர்க்கரையும் கொழுப்பும் தாறுமாறான உடம்பில் புழு நீக்கம் என்பது ரத்தம்வரை போய்ச் சேரும் மாற்றம். அதைக் கவனித்துச் செய்ய வேண்டும்.

மனிதனுக்கும் குதிரைக்கும் இந்த விஷயத்தில் பழைய உறவும் உண்டு. ஜப்பானில் சதோஷி ஓமுரா எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்தது ஐவர்மெக்டின். 1981-இல் கால்நடை மருந்தாக வந்தது. குதிரைகளின் ஆன்கோசெர்கா புழுவை அது கொல்வதைப் பார்த்த வில்லியம் கேம்பல், அதே பேரினத்து இன்னொரு புழுவால் ஆப்பிரிக்காவில் கண்பார்வை இழந்துகொண்டிருந்த மனிதர்களுக்கும் இது உதவும் என்று கண்டார். இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. குதிரை மூலமாக மனிதனுக்கு வந்த நன்மை.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லாக் குதிரைக்கும் மருந்து என்ற வழக்கம் 1960-களில் கென்டக்கியில் டிரட்ஜ், லயன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பரிந்துரைத்தது. அன்று கொல்லவேண்டியிருந்தது பெரிய உருளைப்புழுவை. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் புகுந்து அடைத்து, வயிற்றுவலியில் குதிரையைச் சாகடித்த புழு அது. அந்த யோசனை அன்று சரியாகவே வேலை செய்தது. பெரும் புழு ஒடுங்கியது. விலையாக, சிறு புழுக்கள் மருந்துக்கு மரத்துப்போயின. ஃபென்பெண்டசோல் உள்ளிட்ட மருந்துக் குடும்பம் உலகின் பெரும்பகுதியில் சிறு புழுக்களிடம் எடுபடுவதில்லை. அயர்லாந்திலிருந்து கென்டக்கிக்குக் கொண்டுவந்த இளங்குதிரைகளில் ஐவர்மெக்டினும் தடுமாறியதை 2020-இல் எழுதினார்கள். அறுபது ஆண்டுக்கு முந்தின அட்டவணையை நம்மூர் லாயத்தில் இன்னும் பின்பற்றுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. எடுபடாத மருந்து புழுவையும் கொல்லாது, குதிரைக்கும் பயன்படாது, எதிர்ப்பை மட்டும் வளர்க்கும்.

அளக்க வேண்டியவை

முதலில் சாணம். ஒரு கிராம் சாணத்தில் எத்தனை முட்டை என்று நுண்ணோக்கியில் எண்ணும் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. மெக்மாஸ்டர் என்னும் கண்ணாடித் தட்டு 1930-களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. வளர்ந்த குதிரையில் 200-க்குக் குறைந்தால் குறைவு, 500-ஐத் தாண்டினால் அதிகம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஒரு கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு குதிரைகள்தான் ஐந்தில் நான்கு பங்கு முட்டையைப் போடுகின்றன என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அந்தச் சில குதிரைகளைக் கண்டுபிடித்தால் மற்றவற்றுக்குத் தேவையில்லாத மருந்தை நிறுத்தலாம்.

அடுத்து எடை. இங்கேதான் கண் ஏமாற்றுகிறது. முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பால் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரையிலான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். மார்புச் சுற்று 150, நீளம் 140 என்றால் சுமார் 265 கிலோ. அதே குதிரையை இருநூறு கிலோ இருக்கும் என்று கண்ணால் மதித்து மருந்து கொடுத்தால், சேர வேண்டியதில் முக்கால் பங்குதான் போய்ச் சேரும். பருத்த குதிரையில் இந்தப் பிழை கூடுதலாக நேரும். அரைகுறை மருந்தில் பிழைத்த புழுதான் அடுத்த தலைமுறையைப் பெறுகிறது.

எடை மட்டும் போதாது. கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். டெக்சஸில் ஹென்னகி 1983-இல் வகுத்த ஒன்று முதல் ஒன்பது வரையான அளவுகோலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஐந்து நல்ல நிலை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். பிடரி மேடு தடித்து, முதுகு நடுவே பள்ளம் விழுந்து, வாலடியில் கொழுப்பு மெத்தையாக அமுங்கினால் எட்டோ ஒன்பதோதான். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பழமொழியே சொல்லிவிட்டது. ஆனால் வேலை இல்லாத பருத்த குதிரைக்குக் கொள்ளும் மிகைதான். தவிட்டையும் வெல்லத்தையும் முதலில் நிறுத்தலாம். தினம் உடல் எடையில் ஒன்றரை சதவீத அளவுக்கு உலர்ந்த புல் போதும். பட்டினி மட்டும் போடக் கூடாது. மட்டக்குதிரையும் கழுதையும் திடீர்ப் பட்டினியில் ரத்தத்தில் கொழுப்பேறிச் செத்துப்போகும். மாதக்கணக்கில் மெதுவாக, தினம் நடக்கவைத்துக் குறைப்பதுதான் வழி.

மூன்றாவது காலம். குளிர்நாட்டு நூல்கள் வசந்தம், இலையுதிர் காலம் என்று மருந்து நாளைக் குறித்திருக்கும். தென்காசி வட்டாரத்துக்கு அது பொருந்தாது. சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்த தரையில் குஞ்சுப்புழு கருகிவிடும். ஆனி தொடங்கி ஆவணி வரை சாரல்; மறுபடி ஐப்பசி, கார்த்திகை மழை. புல்லில் தொற்று ஏறுவது இந்த இரண்டு பருவத்திலும்தான். குற்றாலத்தில் சுற்றுலாக் கூட்டம் வரும்போதே குதிரைக்கு வேலையும் ஈரப் புல்லும் ஒன்றாக வருகின்றன. ஆகவே சாரல் தொடங்குமுன் ஒரு சாண சோதனை, அடைமழைக்கு முன் இன்னொன்று என்பது இந்த ஊருக்கு ஏற்ற கணக்கு என்று நினைக்கிறேன். மேய்ச்சல் இடத்திலிருந்து வாரம் இரண்டு முறை சாணத்தை அள்ளிவிட்டாலே தொற்று வெகுவாகக் குறைந்துவிடும். அள்ளியதைப் பச்சையாக வயலில் வீசாமல் குவித்து மக்கவைத்தால் அந்தச் சூட்டில் முட்டையும் குஞ்சும் சாகும். பிறகு சூரியகாந்திக்கே உரமாகும்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை. ஆடுமாட்டுக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஊசி மருந்தைக் குதிரைக்குப் போடும் பழக்கத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டாவது நிறுத்தச் சொல்வேன். குதிரைக்கு வாய்வழிப் பசையாக ஐவர்மெக்டின் வந்ததற்கு ஒரு காரணமே, தொடக்கத்தில் வந்த ஊசி மருந்து போட்ட இடத்தில் வீக்கமும் ஆபத்தான தொற்றும் உண்டானதுதான்.

வயதான, பருத்த குதிரைக்கு மருந்து கொடுத்தபின் இரண்டு வாரம் பார்வையில் வைத்திருக்க வேண்டும். சாணம் இளகுகிறதா, காய்ச்சல் உண்டா, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா, தீனியை மறுக்கிறதா, குளம்பைத் தொட்டால் சுடுகிறதா, நடை கூசுகிறதா என்று காலையும் மாலையும் கவனித்தால் போதும். ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு காலை நேரத்தில் போய்த் திரும்பிவிடலாம்.

சாணத்தைக் கொண்டுபோகும்போது தரையில் காய்ந்து கிடப்பதை எடுக்கக் கூடாது. அன்று காலை போட்டதிலிருந்து ஒரு கைப்பிடி, காற்று புகாமல் கட்டிய பாலித்தீன் பையில், வெயில் படாமல், முடிந்தால் குளிர்ச்சியாக, ஒரு நாளுக்குள் சேர வேண்டும். குதிரையின் வயதும், டேப்பில் வந்த எடையும், கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயரும் தேதியும் ஒரு தாளில் எழுதிக் கூட வைக்க வேண்டும். மருந்து கொடுத்த பதினான்காம் நாள் இன்னொரு கைப்பிடி. முதல் எண்ணிக்கையையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த லாயத்தில் அந்த மருந்து இன்னும் எடுபடுகிறதா என்பது தெரிந்துவிடும்.